ஸ்காட்லாந்துப் பெண்ணுக்கு நான் பேசிக் கொடுத்த ஆறு வாரம்

ஆஸ்பத்திரி ஆயா என்றால் பெட்பேன் தூக்குகிறவள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலை, மீதிப் பாதி நோயாளி சொல்வதை டாக்டருக்கும் டாக்டர் சொல்வதை நோயாளிக்கும் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது. இந்த இரண்டாவது பாதிக்குத் திட்டு மட்டும்தான் கிடைக்கும். வார்டில் வேலை பார்த்தவர்களுக்கும், ஓ.பி. பெஞ்சில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு முதுகு நோக உட்கார்ந்தவர்களுக்கும் இது தெரியும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

இங்கிலீஷ் தெரிந்த ஆயா

மயிலாப்பூர் குளத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு தர்ம ஆஸ்பத்திரி. சின்னதுதான். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் நான். வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்துகொண்டிருந்த சமயம், ஒரு நாள் காலையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சைக்கிளில் வந்து இறங்கினாள். சுடிதார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள், வெயிலில் முகம் தக்காளி. பேர் எலன், ஸ்காட்லாந்து. டாக்டர் படிப்பில் கடைசி வருஷம். அவர்கள் ஊர்க் காலேஜில் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு வாரம் இருந்துவிட்டு வரச் சொல்லி அனுப்புவார்களாம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தாள்.

சும்மா இருந்துவிட்டுப் போக முடியாது. பத்து நோயாளிகளை அவளே கேட்டு, என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து, வீட்டில் யார் யார், பழக்கவழக்கம் என்ன என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். எங்கள் பெரிய டாக்டரம்மா அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் எட்டு வாரமும் வீண், அந்த வருஷம் பரீட்சை எழுத விடமாட்டார்கள். நர்ஸ்களுக்கு இவளோடு நின்று பேச நேரமில்லை. இருபத்து மூணு வருஷம் டாக்டர்கள் பின்னாலேயே நடந்ததில் பெயின், மோஷன், யூரின், ஸ்லீப், சின்ஸ் ஹௌ மெனி டேஸ் என்று எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சு கத்தரிக்கோல் மாதிரி இருக்கும்.

"அஞ்சலை, இவ கேக்கறதை அவாகிட்ட கேளு. அவா சொல்றதை இவகிட்ட சொல்லு. நடுவுல உன் சரக்கு ஒண்ணும் வேண்டாம்."

கையை நீட்டிய பாய்

முதல் ஆள் காதர் பாய். தி.நகரில் தையல் கடை. இருமலோடு படுத்திருந்தார். எலன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சிரித்து, "என்ன தொந்தரவு?" என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். பாய் வாயைத் திறக்கவில்லை, வலது கையை நீட்டினார். இவள் நாடி பார்த்து எழுதிக்கொண்டாள். மறுபடி, "என்ன தொந்தரவு?" பாய் இடது கையை நீட்டினார். அதையும் பார்த்தாள். மூன்றாவது தடவை கேட்டதும் பாய் என் பக்கம் திரும்பிப் பொரிந்து தள்ளினார். ஐந்து நிமிஷம். எலன் பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"காஃப், மேடம். டென் டேஸ்" என்றேன்.

இவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா என்று கேட்டாள். "எஸ் மேடம். டெய்லர்" என்றேன். பாய் உண்மையில் சொன்னது இதுதான்:

"இன்னாம்மா இது, நோவு இன்னான்னு என்னையே கேட்டுக்கினு கீது? கடைக்கு வர்றவன்கிட்ட 'உன் அளவு இன்னா நைனா'ன்னு நான் கேட்டா, நாளைக்கு எவன் வருவான்?"

வெளியே போகச் சொன்னதால் வந்தது

கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிற கஸ்தூரி வயிற்று வலியோடு வந்தாள். கூடவே புருஷன், மாமியார், நாத்தனார், அப்புறம் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த ஆட்டோக்காரர். எலன் கஸ்தூரியைப் பார்த்துக் கேட்பாள், பதில் மாமியாரிடமிருந்து வரும். வலி மேல் வயிறா, கீழ் வயிறா என்றால் புருஷன் ஒரு இடம் காட்டுவார், நாத்தனார் வேறு இடம் காட்டுவாள். ஆட்டோக்காரர்கூட, "வர்ற வழில ஸ்பீட் பிரேக்கர்ல ரொம்பக் கத்துச்சு" என்று தன் பங்கைச் சொன்னார். கஸ்தூரி வாயே திறக்கவில்லை.

அவர்கள் ஊரில் நோயாளியோடு தனியாகத்தான் பேசுவார்களாம். எல்லாரையும் வெளியே போகச் சொல் என்றாள். எங்கள் வார்டில் சொந்தக்காரர்களை மொத்தமாக வெளியே அனுப்புவது, ஆள் இனித் தேறாது என்கிறபோதுதான். இவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லி முடிக்கவில்லை, மாமியார் "ஐயோ என் தங்கமே!" என்று வராண்டாவில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரிந்து அந்த அம்மா மருமகளைத் தங்கம் என்றது அன்றைக்குத்தான். புருஷன் சுவரில் சாய்ந்தார். எலன் ஒன்றும் புரியாமல் நிற்க, கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"இன்னும் எத்தினி நாளுன்னு மட்டும் சொல்லிடு தாயி. அந்தாளுக்கு நானே ஒருத்தியப் பாத்து வெச்சுட்டுப் பூடறேன். அது இஷ்டத்துக்கு வுட்டா எதிர் வூட்டுக்காரியத்தான் கட்டிக்கும்."

எதை வேண்டுமானாலும்

ராமதுரை மாமா ரிடையர் ஆன கணக்கு வாத்தியார். காய்ச்சல் இறங்கி டிஸ்சார்ஜ் ஆகிற நாள். வேட்டி மாற்றி, விபூதி பூசி, மாமியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எலனைப் பார்த்ததும் கேட்டார்: "பத்தியம் என்னன்னு சொல்லச் சொல்லு." அவள் சந்தோஷமாகச் சொன்னாள், எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று. நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன்.

மாமாவின் முகம் செத்துவிட்டது. ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் யாருக்குச் சொல்வார்? மாமி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மாமா மெதுவாக, "பெரியவனுக்கு எஸ்.டி.டி. போட்டு வரச் சொல்லிடு. லாக்கர் சாவி பீரோல நடுத்தட்டுல இருக்கு" என்றார். எலனைக் கேட்காமலே ஆரம்பித்தேன். கத்தரிக்காய் கூடாது, மாங்காய் கூடாது, ராத்திரி தயிர் கூடாது, தேங்காயை ஆறு மாசத்துக்குக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று அடுக்கினேன். ஒவ்வொரு 'கூடாது'வுக்கும் மாமா கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார். என்ன சொன்னாய் என்றாள் எலன். "சேம் மேடம். தமிழ் லாங்" என்றேன். இவள் சொல்வதை அப்படியே சொன்னால் ஆள் பிழைக்காது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மாமா போகும்போது அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினார்.

"சின்னப் பொண்ணா இருந்தாலும் நல்ல டாக்டர். இவ்வளவு கண்டிப்பா இப்பல்லாம் யாரு சொல்றா?"

பத்துப் பேரில் ஒருத்தி

அப்புறம் எனக்குக் கை பழகிவிட்டது. உள்ளதைச் சொல்கிறேன். நோயாளி இருபது நிமிஷம் மருமகளைப் பற்றிப் பேசினால், நான் "ஸ்டமக் பெயின், த்ரீ டேஸ்" என்று மூட்டை கட்டிக் கொடுத்துவிடுவேன். பீடி பிடிப்பீர்களா, குடிப்பீர்களா, ராத்திரி எத்தனை தடவை எழுந்து போவீர்கள் என்றெல்லாம் அவள் கேட்பாள். மானமுள்ள மனுஷர்களிடம் அதையெல்லாம் போய்க் கேட்க முடியுமா? நானே "நோ மேடம்" என்றுவிடுவேன். சாப்பாடு சரியா? எஸ் மேடம். தூக்கம்? எஸ் மேடம். அவள் என்னை நம்பி அழகான கையெழுத்தில் எழுதுவாள். ஆறாவது வாரம் பத்தும் முடிந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு துள்ளிக் குதித்து டாக்டரம்மாவிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன், என் கையெழுத்தும் கேட்பார்களோ என்கிற நினைப்பில்.

டாக்டரம்மா மூன்று பக்கம் நிதானமாகப் படித்தார். மிச்சத்தை விசிறி மாதிரி புரட்டினார். எழுந்து நேரே ஆண்கள் பக்கம் நடந்தார். காதர் பாய் மறுபடி இருமலோடு வந்து படுத்திருந்தார். டாக்டரம்மா அவர் தலையணையைத் தூக்கினார். கீழே ஒரு பீடிக் கட்டு, பாதி காலி. நோட்டில் 'பீடி, சிகரெட் இல்லை' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது. "என்னை ஆரும் கேக்கலியே டாக்டரம்மா" என்றார் பாய், பச்சைக் குழந்தை மாதிரி.

எலன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பத்தும் செல்லாது, மிச்சம் இருக்கிற ரெண்டு வாரத்தில் புதிதாகப் பத்து, அதுவும் என் துணை இல்லாமல் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"இதுல பத்து பேஷண்ட் இல்லேம்மா. ஒரே பேஷண்ட்தான். அவ பேரு அஞ்சலை."

கதவோரம்

எனக்குக் கதவோரத்தில் இடம். வாயைத் திறக்கக் கூடாது. திறந்துவிடுவேனோ என்று வெற்றிலையைப் போட்டு அடைத்துக்கொண்டேன். எலன் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் கேட்டு, கேள்விகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். ரெண்டு வயசுக் குழந்தையைக்கூட "நீங்க அழாதீங்க" என்பாள். நோயாளிகள், அவளுக்குக் காது மந்தம் என்று நினைத்தார்களோ என்னவோ, கத்திக் கத்திச் சொன்னார்கள். புரியாவிட்டால் நடித்துக் காட்டினார்கள். ஒருத்தர் மூச்சு வாங்குவதைக் காட்ட வார்டைச் சுற்றி ஓடியே காட்டினார். அதில் நிஜமாகவே மூச்சு வாங்கி, இவள் அதையும் எழுதிக்கொண்டாள். வேலை நடந்தது. ஒரு நாளைக்கு ஒருத்தர் என்று மெதுவாக, ஆனால் நடந்தது.

அந்தச் சமயம் கஸ்தூரி திரும்பக் காட்ட வந்தாள். இந்த முறை தனியாக. எலனின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்தாள், மறுபடி பேசினாள். சுகமோ துக்கமோ, அந்த வார்டில் என் காதில் விழாமல் ஒன்றும் போனதில்லை. பெருக்குகிற சாக்கில் கட்டில் பக்கம் போனேன். கஸ்தூரி டக்கென்று நிறுத்தினாள். "அது அன்னிய தேசத்துப் பொண்ணு, அதுகிட்டப் போய் என்னாடி அவ்வளவு சொல்றே? என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டேவிட்டேன்.

"அது நான் சொன்னத எடுத்துக்கினு பிளேன் ஏறிப் பூடும்க்கா. நீ எங்க தெருவுக்குப் பின்னாடி தெருவுல கீறியே!"

காலையில் எழுந்ததிலிருந்து

ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவது ஜானகி மாமி. அடையாறில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறவர். கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு, ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ரத்தத்தில் தெரிய வேண்டியது தெரியவில்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. ஐந்து நாள் யோசித்தும் டாக்டரம்மாவுக்குப் பிடிபடவில்லை. திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, விலாவில் ஊசி விட்டு ஈரலில் துளி கிள்ளி எடுத்துப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. மாமி பயத்தில் பாதியாகிவிட்டார். எலனுக்கு சனிக்கிழமை கடைசி நாள்.

எல்லா டாக்டரும் மாமியிடம் "வேற மருந்து ஏதாவது சாப்பிடறேளா?" என்று கேட்டிருந்தார்கள். ஆமாம் என்றால் அடி விழும் என்கிற முகத்தோடு. மாமி இல்லை என்றிருந்தார். எலனுக்கு அவ்வளவு தமிழ் ஏது? வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டூலில் உட்கார்ந்து, தெரிந்த தமிழில் கேட்டாள்: "வீட்டுல, காலைல எழுந்து, வாயில முதல்ல என்ன போடுவீங்க?" காபி என்றார் மாமி. "அப்புறம்?" ரெண்டு இட்லி. "அப்புறம்?" பத்து மணிக்கு மோர். மாமிக்கே உற்சாகம் வந்துவிட்டது. தன்னை யாரும் இப்படி உட்காரவைத்து விசாரித்ததில்லை போல. சாதம், ரசம், வெற்றிலை, மூணு மணிக் காபி என்று போய்க்கொண்டே இருந்தது. "அப்புறம்?" "அப்புறம் லேகியம். முட்டி வலிக்கு, நெல்லிக்காய் அளவு. காலம்பறயும் உண்டு, அதைச் சொல்ல விட்டுட்டேன். ரெண்டு மாசமாச்சு. டப்பா காலியாயிடுத்து."

நான் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டேன். "யார் கொடுத்தாங்க?" என்றாள் எலன். மாமி என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். "தெரிஞ்சவா" என்றார் மாமி.

தெரிந்தவள் நான்தான். கிண்டி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒருத்தர் கிண்டிக் கொடுப்பார். பேர் ஒட்டாத டப்பா, அதில் என்ன போடுகிறார் என்று நானும் கேட்டதில்லை. என் முட்டிக்குச் சுகமாக இருந்தது, நாலு பேருக்கு நல்லது என்று வாங்கிக் கொடுத்தேன். மாமிக்கும் இத்தனை நாள் அதைச் சொல்லத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று மாமியே எலனிடம் சொன்னார், கொஞ்சம் கோபமாக.

"அது மருந்தில்லேம்மா, லேகியம். மருந்தா இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்க மாட்டேனா?"

பதினோராவது விரல்

சனிக்கிழமை காலை டாக்டரம்மா அறையில் எலன் பத்தாவது நோயாளியைப் படித்தாள். நான் டீ தம்ளரோடு வாசலில். லேகியம் வந்ததும் டாக்டரம்மா நாற்காலியில் நிமிர்ந்தார். "என்ன லேகியம்? டப்பா எங்கே? யார் குடுத்தா?" டப்பா காலி என்றாள் எலன். கொடுத்தது யார் என்று பேஷண்ட் சொல்லவில்லை என்றாள். அது பொய்யில்லை. மாமி என்னைப் பார்த்ததை இவளும்தான் பார்த்தாள், ஆனால் என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். "வெறும் லேகியம்னு மட்டும் தெரிஞ்சு நான் என்ன பண்ணட்டும்? அது என்ன, யாரோடதுன்னு தெரியாம திங்கட்கிழமை ஊசியை எப்படி நிறுத்தறது? நீ பாதிதான் கேட்டிருக்கே." நோட்டில் ஒன்பது கையெழுத்து விழுந்திருந்தது, பத்தாவது இடம் வெள்ளையாக இருந்தது. எலன் தலை குனிந்து நின்றாள். இதே மாதிரி வெளி மருந்து வாங்கிக் கொடுத்ததற்காக ஒரு கம்பவுண்டரை டாக்டரம்மா வேலையை விட்டு அனுப்பியது எனக்குத் தெரியும். அந்தப் பெண் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்திருந்தால், காட்டிக் கொடுக்கிறாள் என்று கோபப்பட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். பார்க்கவில்லை.

"நான்தாம்மா வாங்கிக் குடுத்தேன்" என்றேன். "அதே லேகியம் எங்க வூட்டு அலமாரில பாதி டப்பா கீது. கொண்டாந்துடறேன்."

டாக்டரம்மா பேனாவை எடுத்துப் பத்தாவது கையெழுத்தைப் போட்டு, நோட்டை எலனிடம் நீட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "வேற யார் யாருக்கெல்லாம்?" என்றார். ஒவ்வொருத்தராகச் சொல்லி விரலை மடக்கினேன். பத்து விரலும் தீர்ந்து, மறுபடி கட்டை விரலுக்கு வந்தேன். அது எங்கள் ஹெட் நர்ஸ். டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார். "உனக்கு என்ன பண்றதுன்னு அப்புறம் யோசிக்கறேன். திங்கட்கிழமை காலம்பற அந்தப் பதினோரு பேரும் ரத்தம் குடுக்க வரிசையில நிக்கணும். முதல் ஆளா நீ நில்லு."

எலன் ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறிவிட்டாள். போகிறபோது என்னைக் கட்டிக்கொண்டு "தாங்க்ஸ் அக்கா" என்றாள், எதற்கென்று அவளுக்கே வெளிச்சம். ஜானகி மாமிக்கு ஊசி போடாமல் நிறுத்தி வைத்தார்கள். லேகியத்தை விட்ட மூன்றாவது வாரம் கண் வெளுத்து, ஒரு மாதத்தில் பாட்டு கிளாஸ் ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா அப்புறம் யோசித்தாரோ இல்லையோ, என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை வரிசையை நான் மறக்க மாட்டேன். எனக்கு நேர் பின்னால், வெள்ளை யூனிஃபாரத்தோடு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஹெட் நர்ஸ். பல்லைக் கடித்துக்கொண்டு என் காதோரம் சொன்னார்:

"பத்து விரலோட நிறுத்தித் தொலைச்சிருக்கக் கூடாதா, பாவி?"

ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாலும் டாக்டர் காதில் விழாத சங்கதியெல்லாம், பக்கத்தில் நிற்கிற ஆயாவை ரெண்டு வாரம் கதவோரம் தள்ளி வைத்தால் தானாக விழுந்துவிடும் என்பதுதான் இருபத்து மூணு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட மொத்த வைத்தியம்.